மேகத்துக்கு அடியில் நின்றவள்

பாலகோபால் தூங்கிவிட்டானா? சரி. அவன் விழித்திருக்கும்போது இதைச் சொல்ல முடியாது. கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள். விளக்கு அப்படியே இருக்கட்டும்... தூண்ட வேண்டாம்.

இது அவனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. முப்பத்து நாலாம் வருஷம், சித்திரைக் கடைசி. மாலை ஐந்து மணி. அன்னூருக்குக் கிழக்கே போகிற வண்டிப்பாதை. இரண்டு பக்கமும் காய்ந்த சோளக்காடு. மரமில்லை, ஆளில்லை, ஓர் ஆடுகூட இல்லை. இரண்டு வருஷமாக மழையைப் பார்க்காத மண். அந்தப் பாதையில் ஒரே ஒரு சைக்கிள். பின்னால் காமிராப் பெட்டி, முக்காலி, கறுப்புத் துணி. ஓட்டிக்கொண்டு போனவர் சுந்தரராஜுலு. கோயமுத்தூரில் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தவர்.

மேகம் பிடிக்கப் போனார்.

சிரிக்காதீர்கள். அவர் தொழிலில் அது ஒரு சங்கடம். வெளியில் எடுக்கிற படத்தில் வானம் வெளுத்து வெறுமையாகிவிடும். அதனால் மேகம் மட்டும் பதிந்த ஒரு கண்ணாடித் தகட்டைத் தனியாக வைத்துக்கொண்டு, கல்யாணமோ மில் கட்டடமோ, எல்லாப் படத்துக்கும் மேலே அதையே சேர்த்து அச்சிடுவார்கள். அவரிடம் இருந்தது ஒரே ஒரு மேகம். பக்கத்துக் கடைக் கண்ணையா சும்மா விடமாட்டார்.

"ஏனுங்க ராஜுலு, போன வாரம் சூலூர்க் கல்யாணத்துல உங்க மேகத்தைப் பாத்தேனுங்க. நேத்துப் பீளமேட்டுக் கருமாதிக்கும் வந்திருந்துச்சு. பாவம், அதுக்கு ஓய்வே இல்லீங்களா?"

சொந்தமாக ஒரு மேகம் வேண்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து வடகிழக்கில் கட்டியது. அன்றைக்குப் பார்த்து அவர் மனைவி வெங்கடம்மாளுக்கு இடுப்பு கனத்தது. நிறைமாதம். முன்னால் இரண்டு பிரசவம், இரண்டு குழந்தையும் அழாமலே பிறந்தவை. "விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவேன்" என்று அவள் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். ஆனால் போகப் போக மேகம் தள்ளிப் போனது. இருபது மைல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

இப்போது எதிரே நின்றது. அடிப்பகுதி கருங்கல் மாதிரி தட்டையாக, மேலே வெள்ளை வெள்ளையாகக் கொதித்துக்கொண்டு... முக்காலியை ஊன்றினார். மேகம் எடுப்பாகப் பதிய, காமிராவின் முன்னால் மஞ்சள் கண்ணாடியைப் பொருத்தினார். துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். மனம் ஒப்பவில்லை. அடியில் ஓர் ஆள் நின்றால்தான் மேகத்தின் பெருமை தெரியும்.

பாதையோரம் சுடுகாடு. அங்கே ஒரு பெண் கிடந்தாள்.

கிட்டே போனார். பெண் இல்லை... வைக்கோல். மூங்கிலை முதுகெலும்பாக வைத்து, ஆள் உயரத்துக்குக் கட்டி, பழைய சிவப்புச் சேலையால் முக்காடு போட்டிருந்தார்கள். கொடும்பாவி. மழை பொய்த்தால் ஊரார் செய்வார்களே... ஊரின் பாவத்தையெல்லாம் அதன் தலையில் ஏற்றி, ஏழு நாள் தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து, கடைசியில் கொளுத்துவார்கள். காவலுக்கு அங்கப்பன் என்று ஒருவர் இருந்தார்.

"அதுமேல கைய வெச்சுப்போடாதீங்க. மழைக்கு முன்னால தீ வெக்கோணும். நனைஞ்சுபோட்டா எரியாது. எரியாத கொடும்பாவி யாரு ஊட்டுக்குப் போகும்னு சொல்ல முடியாதுங்க." சொல்லிக்கொண்டே வானத்தைப் பார்த்தார். "ஆளுகளக் கூட்டிட்டு ஓடியாரேன். இங்கயே நிக்காதீங்க, ஊடு போய்ச் சேருங்க."

அவர் தலை மறைகிற வரைக்கும் சுந்தரராஜுலு காத்திருந்தார்.

தூக்கினார். கனமே இல்லை. வைக்கோல் வாசனை, மஞ்சள் வாசனை, அதற்கும் அடியில் ஈரத்துணி புளித்த மாதிரி ஒரு நாற்றம். காமிராவிலிருந்து நாற்பது அடி எண்ணி நடந்து, மூங்கிலை மண்ணில் குத்தி நிறுத்தினார். முகம் மேகத்தைப் பார்த்து. முதுகு இவரைப் பார்த்து.

துணிக்குள் போனார். காமிராவின் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். கீழே மேகம், மேலே மண், மண்ணிலிருந்து தலைகீழாகத் தொங்கும் ஒரு பெண். காற்றில் அவள் முந்தானை படபடத்தது. இது கலைந்து பதியுமே என்ற எரிச்சலில், பன்னிரண்டு வருஷமாகத் தினமும் சொல்கிற வார்த்தை தானாக வாயில் வந்துவிட்டது.

"அசையாதீங்க அம்மணி... நான் ஆச்சுன்னு சொல்ற வரைக்கும்."

முந்தானை நின்றுவிட்டது.

காற்று நிற்கவில்லை. இவர் தலைமேல் கறுப்புத் துணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. சோளத்தட்டை சரசரத்துக்கொண்டுதான் இருந்தது. அங்கே மட்டும்... ஒரு நூல்கூட ஆடவில்லை.

பயந்தாரா? இல்லை. சந்தோஷப்பட்டார். படம் பதிய ரப்பர்க் குமிழை அமுக்கினார். ஒவ்வொரு தகட்டுக்கும் தனிப் பெட்டி; அதன் மூடியில் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு. எடுத்து முடித்த தகடு என்றால் கறுப்புப் பக்கம் வெளியே தெரியச் செருகவேண்டும். அப்படியே செய்தார். இரண்டாவது தகடு. அதுவும் ஆயிற்று. மிச்சம் ஒன்று இருந்தது. மறுபடி துணிக்குள் போனார்.

மேகம் துல்லியமாக இருந்தது. அவள் கலங்கலாகத் தெரிந்தாள்.

தொழில் தெரிந்தவருக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான். வைத்த இடத்தில் அவள் இல்லை. கிட்டே வந்திருக்கிறாள். காமிராவின் முன்பக்கத்தை மெல்ல நீட்டினார். இன்னும் கலங்கல். இன்னும் நீட்டினார்... இன்னும்... நீட்டுகிற பல்சக்கரம் கடைசிப் பல்லில் போய் நின்றது. அப்போது தெளிந்தது. கண்ணாடி நிறையச் சிவப்புச் சேலை. இப்போது முதுகு இல்லை, முன்பக்கம்.

இடி விழுந்தது.

எப்படி மடக்கினார், எப்படிக் கட்டினார், அவருக்கே தெரியாது. அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தூரத்தில் பந்தங்களோடு ஊர் ஓடிவருவது கேட்டது. அதற்குள் மழை கொட்டிவிட்டது. பந்தங்கள் ஒவ்வொன்றாக அவிந்தன. சைக்கிளை மிதித்தார். இருபது மைலும் முதுகுக்குப் பின்னால் ஈர வைக்கோல் நாற்றம்.

வீடு சேரும்போது மணி ஒன்பது. கோயமுத்தூரில் ஒரு சொட்டு மழை இல்லை. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. மருத்துவச்சி பாவாத்தாள் நடையில் நின்றிருந்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா? அஞ்சு மணிக்கே வலி நின்னுபோச்சு. கொழந்த அசையவே இல்லீங்க. நானும் என்னென்னமோ செஞ்சுபோட்டேன்..." குரலைத் தாழ்த்தினாள். "அப்புறம், வாசல்ல ஒரு பொம்பள நின்னுச்சே, உங்க சொந்தமுங்களா? முக்காடு போட்டுட்டு... கூப்பிடக் கூப்பிட அசையல."

உள்ளே வெங்கடம்மாள் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். அவள் பக்கத்தில் அகல்விளக்கு. அதன் சுடர் எழுதி வைத்தது மாதிரி நின்றது.

அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு படம் எடுத்தோம்... ஆச்சு என்று சொல்லவில்லை.

வாசலுக்கு ஓடினார். யாரும் இல்லை. படியில் ஈரம். ஒரு வைக்கோல் தாள். இருட்டைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஆச்சுங்க அம்மணி... ஆச்சுங்க. இனி அசையலாமுங்க."

பிறகு சேலை உரசுகிற ஓசை ஒன்று, அவரைத் தாண்டி, தெருப்பக்கம் போகாமல்... வீட்டுக்குள் போயிற்று. அகல்விளக்குச் சுடர் ஆடியது. வெங்கடம்மாள் அலறினாள். அரை மணியில் குழந்தை அழுதது. பெண் குழந்தை. உயிரோடு.

நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொல்லிவிட்டு, விடிவதற்குள் இருட்டறையில் தகடுகளைக் கழுவ உட்கார்ந்தார். மூன்றாவது பெட்டியைத் தொட்டபோது திடுக்கிட்டார். திறக்கவே இல்லாத பெட்டி அது. மூடியின் கறுப்புப் பக்கம் வெளியே இருந்தது.

காலையில் பாலகோபாலின் அப்பாதான் இருட்டறைக் கதவை உடைத்தார். கம்பியில் மூன்று தகடுகள் காய்ந்துகொண்டிருந்தன. முதல் இரண்டிலும் மேகம். அப்படி ஒரு மேகத்தை யாரும் பிடித்ததில்லை என்று பிற்பாடு கண்ணையாவே சொன்னார். அடியில் வெறும் காடு. ஒரு குச்சிகூட நிற்கவில்லை. மூன்றாவதில் மேகமே இல்லை. முக்காலி, கீழே கிடக்கும் சைக்கிள், கறுப்புத் துணிக்குள் குனிந்திருக்கும் ஒரு மனிதர். எதிரே நாற்பது அடியில், அவள் நின்ற இடத்திலிருந்து எடுத்த படம்.

சுந்தரராஜுலு பலகையில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. அசையவில்லை.

இன்னும் அசையவில்லை. ஊட்டினால் இறங்கும், அவ்வளவுதான். விஷயம் புரிந்தபிறகு அண்ணன் சொல்லிப் பார்த்தார், மனைவி காதில் அழுது சொல்லிப் பார்த்தாள், "ஆச்சுங்க, ஆச்சுங்க" என்று. அவரைப் படம் எடுத்தவள் சொன்னால்தானே அசைவார்?

குழந்தைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. வீட்டில் எல்லோரும் தெலுங்குதான் பேசுவார்கள். அதிலும் ஒரு சொல் வரவில்லை. போன சித்திரையில் ஒரு சாயங்காலம் மேகம் கட்டியது. பாலகோபால் சித்தப்பாவுக்குக் கஞ்சி கொண்டு போனான். குழந்தை அம்மாவின் சிவப்புச் சேலையை முக்காடு போட்டுக்கொண்டு, அவருக்கு எதிரே கூடத்துக் கோடியில் நின்றிருந்தது. வீடெல்லாம் ஈர வைக்கோல் நாற்றம்.

முதன்முதலாக அது வாய் திறந்தது. தமிழில், அன்னூர்க் காட்டுப் பேச்சில்.

"அசையாதீங்க... இன்னொண்ணு எடுக்கோணும்."