கடைசி உடை

சும்மா நடப்பது இருக்கிறதே, இன்ஸ்பெக்டர் மேடம், அது லேசுப்பட்ட காரியமில்லை. நாலு பேர் பார்க்கிறார்கள் என்றதும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே மறந்துபோகும்.

மாடலாக வேண்டும் என்று நான் ஏறி இறங்காத ஏஜென்சி இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான்.

"அனுபவம் இருக்கா?"

"இல்ல மேடம்."

"வாங்கிட்டு வா."

"எங்க மேடம் கிடைக்கும்?"

"வாய் மட்டும் நல்லா நடக்குது. போம்மா, கதவைச் சாத்திட்டுப் போ."

நல்ல போட்டோ இருந்தால்தான் வேலை. வேலை செய்தால்தான் நல்ல போட்டோ. இதில் எந்தப் பக்கம் நுழைவது?

கைகொடுத்தவள் கொக்கு. உயரத்துக்காக மற்ற பெண்கள் வைத்த பட்டப்பெயர். பெரிய மாடல். நான் அக்கா என்பேன். அழகு நிலையத்தில் தரை பெருக்கிக்கொண்டிருந்த என்னை ஏற இறங்கப் பார்த்து, "அச்சு அசல் என் அளவுடி நீ" என்றாள். தன் வீட்டு மொட்டைமாடியில் நடை பழக்கினாள். "கழுத்தைத் தூக்குடி. தரையில தோடா தேடுற?" என்று முதுகில் ஒன்று வைப்பாள்.

அவள் சிபாரிசில்தான் ஷோக்களில் எனக்கு இடம் கிடைத்தது. மேடையில் அல்ல, மேடைக்குப் பின்னால். யாராவது வராமல் போனால் அவர்கள் உடையை மாட்டிக்கொண்டு நடக்க ஒருத்தி தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். ஷோ டைரக்டர் என்னைக் கூப்பிடுவதே ஸ்டெப்னி என்றுதான்.

"என்ன ஸ்டெப்னி, இன்னிக்கும் பஞ்சர் இல்லபோல."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய முடியும்? ஒருத்திக்கும் ஒரு காய்ச்சல்கூட வந்து தொலைக்கவில்லை.

அன்றைக்குப் பெரிய ஷோ. கடைசி உடை கொக்குவுக்கு. இருட்டில் படியேறி, திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். மேடை விளிம்பு தெரிவதற்காக அங்கே ஒளிரும் டேப் ஒட்டியிருப்பார்கள். அந்தக் கோடு வரை தரை உண்டு என்று எல்லோருமே கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். நான் அதை உரித்து, மேடை முடிந்ததும் இருந்த ஓர் ஆள் விழும் அளவு இடைவெளிக்கு அந்தப் பக்கம், அதே உயரத்தில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ஒட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

சுளுக்கிக்கொள்ளும், மிஞ்சிப்போனால் காலில் ஒரு கட்டு என்றுதான் நினைத்தேன். அவளுக்கும் ஓய்வு தேவைப்பட்டது, மேடம். சதா அலைச்சல்.

அவள் விழுந்த சத்தம் பாட்டுச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. நான் கீழே இறங்கி, மேடைக்கு அடியில் தவழ்ந்து போனேன். மல்லாந்து கிடந்தாள். நினைவு இருந்தது.

"நீயாடி? நல்லவேளை. இடுப்புல உயிர் போகுது. என்னை அசைக்காத, யாரையாவது கூப்பிடு."

"கூப்பிடுறேன்க்கா. கொஞ்சம் பொறுத்துக்கோ."

மேலே டைரக்டர், "கொக்கு எங்கே?" என்று கத்திக்கொண்டிருந்தார். உடையின் ஜிப் முதுகுப் பக்கம். என்ன செய்வது? அவளைக் குப்புறப் புரட்டினேன். ஒரே ஒரு தடவைதான் அலறினாள். பிறகு, "காலு இருக்கிறதே தெரியலடி" என்றாள் மெதுவாக. நிதானமாகத்தான் கழற்றினேன். எங்கேயும் கிழியவில்லை.

நடந்தேன். கழுத்தைத் தூக்கி, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டி முடித்ததும் முதல் வேலையாக, கொக்கு கீழே கிடக்கிறாள் என்று நானேதான் போய்ச் சொன்னேன்.

விழுந்ததில் எலும்பு மட்டும்தான் முறிந்ததாம், யாரோ புரட்டியதில்தான் இரண்டு காலும் போயிற்றாம். டாக்டர் அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் தோளில் சாய்ந்துதான் அழுதார்கள். உங்களிடமும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

பின்னே ஏன் நானாக வந்தேன் என்கிறீர்களா? பத்திரிகையில், உள்ளாடையோடு அநாதையாகக் கிடந்தாள் என்று போட்டிருக்கிறார்கள். அது பொய். குளிருகிறது என்றாள். பக்கத்தில் கிடந்த திரைத்துணியை இழுத்து, கழுத்துவரைக்கும் போர்த்திவிட்டுத்தான் மேலே போனேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அந்த நேரத்தில் அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?