பலகையில் ஐந்து மணி

டீயைக் கொட்டியது நான்தான் ஐயா, அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். கடல் ஏறும் நேரங்களை அச்சடித்த தாள்மேல் கொட்டிவிட்டேன். துறைமுக வாசல் கரும்பலகையில் தினமும் அந்த நேரத்தை எழுதிவைப்பதுதான் பத்தொன்பது வருஷமாக என் உத்தியோகம். அன்றைய எண் மூன்றா ஐந்தா என்று தெரியாமல் ஊறிப்போயிருந்தது. ஐந்து என்று எழுதினேன்.

என் தலையைப் பாருங்கள், பேருக்குக்கூட முடி கிடையாது. தங்கச்சி வீட்டுக்காரர் படகுகளுக்கு அடியில் பெயிண்ட் அடிக்கிறவர். எனக்குப் பௌர்ணமி என்று பெயர் வைத்தவர் அவர்தான். "என்ன பௌர்ணமி மச்சான், இன்னிக்கு எத்தன மணிக்கு உதயம்?" என்று கேட்டுக்கொண்டேதான் வேலைக்கு இறங்குவார். துறைமுகமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். முறைத்தால் தலை இன்னும் பளபளக்கும் என்பார்கள்.

பதினொரு மணிக்குத் தாள் காய்ந்துவிட்டது. மூன்றுதான். சாக்பீஸ் கையிலேயே இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குத் தாளே தேவையில்லை. இலையுதிர்காலம் தொடங்கும்போது வரும் பௌர்ணமிக்குத்தான் வருஷத்திலேயே பெரிய ஏற்றம். அன்றைக்கு அந்தப் பௌர்ணமிதான்; தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மூன்று என்பேன். மாப்பிள்ளை கொஞ்சம் நனையட்டும், ஒரு நாளாவது அவரைப் பார்த்து நாலு பேர் சிரிக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு ஜன்னலில் நின்றேன். முட்டுக் கொடுத்து நிறுத்திய படகு. அதற்கடியில் அவர் மல்லாந்து படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கடல் பக்கத்து முட்டுக்குக் கீழே மணல் கரைய ஆரம்பித்தது. அபாயச் சங்கின் பொத்தான் என் வலது கைப் பக்கம்தான். வலது கையில் டீ இருந்தது. ஒரு நாளில் இரண்டு தடவை கொட்டுவது நன்றாயிருக்காது என்று நிதானமாகக் குடித்து முடித்தேன். அதற்குள் படகு உட்கார்ந்துவிட்டது.

நான் சொல்வது ஒன்றுதான் ஐயா. அந்த மனுஷன் என் தலையைப் பார்த்த அளவுக்கு என் பலகையை எங்கே பார்த்தார்? பிறகு நான் எதை எழுதினால் என்ன? அவர் பலகையைப் பார்த்தாரா என்று படகுக்காரரைக் கேட்டேன், கயிறு சுற்றப் போய்விட்டார். மேஸ்திரியைக் கேட்டேன், "இப்ப எதுக்குண்ணே அதெல்லாம்" என்றார். கடைசியில், புருஷன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த தங்கச்சியிடமே கேட்டுவிட்டேன்.

"பாத்தாருண்ணா," என்றாள். "தண்ணி சீக்கிரமா ஏறுது, வெளிய வாங்கன்னு படகுக்காரர் கூப்பிட்டாராம். 'மச்சான் அஞ்சுன்னு எழுதியிருக்காரு'ன்னு சொல்லிட்டு அப்படியே படுத்திருந்தாராம்."