மரத்தாரா விழவில்லை, குதித்தது

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கி, நான் எப்போது முடிப்பேன் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மதிப்புக்குரிய தலைவர் ஞானசேகரம் அங்கிள் அவர்களே! கதிரை கிடைத்து முன்வரிசையில் முறையாக வீற்றிருக்கும் பெரியோர்களே! கதிரை கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கும் பொறுமையின் புதல்வர்களே! சோறும் கறியும் சுமந்து வந்து எங்கள் சங்கத்தைச் சோர்வில்லாமல் காக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் சங்கத்தின் செயலாளர் அருந்ததி கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு "இயற்கையும் நாமும்". தரப்பட்ட நேரம் ஐந்து நிமிடம். மலையும் மழையும் மண்ணும் மரமும் என்று மடமடவென அடுக்கிவிட்டு இறங்கிவிடலாம். நீங்களும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம். ஆனால் நான் அப்படிப் பேசப் போவதில்லை. ஏன் தெரியுமா? நான்கு மாதத்தில் செயற்குழுவுக்கு ஏழு மின்னஞ்சல் எழுதினேன். ஏழுக்கும் ஒரே பதில்தான் வந்தது. "நன்றி, அருந்ததி." செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். நான் ஊதியது எங்கள் சங்கத்தின் காதில்!

சிரியுங்கள். சிரித்துவிட்டு, சற்றே அந்த யன்னலுக்கு வெளியே பாருங்கள். மண்டபத்துக்கும் கார் பார்க்குக்கும் நடுவில் நிற்கிறதே ஒரு கிழட்டு யூக்கலிப்ரஸ், அதன் பொந்து வாசலில் இப்போதும் ஒரு சோடிப் பறவை நிற்கிறது. தலை மண்ணிறம், உடம்பு சாம்பல் நிறம். நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டார் வூட் டக், மர வாத்து, என்பார்கள். நான் மரத்தாரா என்கிறேன். தாரா என்றால் தண்ணீரில் கிடக்கும், சேற்றில் புரளும் என்றுதானே நினைக்கிறோம்? இது புல்லை மேயும், மரத்தில் குடியிருக்கும், பொந்தில் முட்டையிடும். பெண் ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்கும். ஆண் பக்கத்துக் கிளையில் காவல் நிற்கும். ஒருமுறை சேர்ந்த சோடி இலேசில் பிரியாது. எத்தனை வீட்டில் இப்படி ஒரு மாதம் காவல் நிற்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, தாய்மார்களே, நீங்கள்தான் சிரிக்கிறீர்கள்.

பின்னாலிருந்து ஒரு குரல், கறி வைத்தால் ருசியாக இருக்குமா என்று கேட்கிறது. சிறிதரன் அண்ணை, உங்கள் குரல் எனக்குத் தெரியும். இருங்கள்.

அந்தப் பொந்து ஒரு நாளில் வந்ததா? ஒரு வருடத்தில் வந்ததா? ஒரு யூக்கலிப்ரஸில் தாரா நுழையும் அளவுக்குப் பொந்து விழ நூறு வருடத்துக்கு மேல் செல்லுமாம். நாங்கள் கப்பலேறுவதற்கு முன், எங்கள் பாட்டன் பூட்டன் பிறப்பதற்கு முன் தொடங்கிய வேலை அது. அதை நாளை மறுநாள், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, வாள் கொண்டு வந்து வெட்டப் போகிறார்கள். யார் கேட்டு வெட்டுகிறார்கள்? நாங்கள் கேட்டு! ஏன் கேட்டோம்? இரக்கப்பட்டுக் கேட்டோம்! அந்த இரக்கத்தின் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

போன ஒக்டோபர், நவராத்திரி வாணி விழா. காலை பத்து மணி. பிள்ளைகள் பட்டு உடுத்து நிற்கிறார்கள், சுண்டல் வெந்து இறங்குகிறது. அப்போது வெளியே ஒரு கூக்குரல். ஓடிப் போய்ப் பார்த்தால் பொந்திலிருந்து குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொத்துப் பொத்தென்று புல்லில் விழுகின்றன. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பஞ்சுக் குஞ்சுகள். ஒன்பது! ஐயோ பாவம் என்றோம். உச்சுக் கொட்டினோம். கைத்தொலைபேசியில் படம் பிடித்தோம். பிறகு காப்பாற்றத் தொடங்கினோம்.

எப்படிக் காப்பாற்றினோம்? சுண்டல் வந்த பிளாஸ்டிக் பெட்டியில் ஒன்பதையும் பொறுக்கிப் போட்டோம். பாலில் பாண் துண்டை நனைத்து ஊட்டினோம். பிள்ளைகள் தடவிப் பார்க்கட்டும் என்று வரிசை வைத்தோம். எங்களுக்குப் பயந்து கூரையில் ஏறி நின்று தாய் கத்தியது. புல்லில் நின்று தகப்பன் கத்தியது. நாங்கள் குஞ்சுகளுக்குக் குளிரும் என்று கதவைச் சாத்தினோம்.

இரண்டு மணி நேரம் கழித்து வனவிலங்கு மீட்புத் தொண்டர் ஒரு பெண் வந்தார். பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இவை விழுந்தன என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். பாணும் பாலும் நஞ்சுக்குச் சமம் என்றார். ஒன்பதில் மூன்று அந்தப் பெட்டிக்குள்ளேயே செத்துக் கிடந்தன. மிச்சம் ஆறையும் புல்லில் விட்டதும் தாய் கூரையிலிருந்து இறங்கி, ஒரு சத்தமும் இல்லாமல், பூங்காக் குளத்துக்கு நடத்திக்கொண்டு போனது.

இதிலிருந்து பாடம் படித்தோமா? படித்தோமே! செயற்குழு கூடியது. குஞ்சுகள் விழுந்து சாகின்றன, ஆகவே மரத்தை வெட்டுவோம், கீழே மரப்பெட்டியில் கூடு கட்டிக் கொடுப்போம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். கீழே கூடு வைத்தால் நரிக்கும் பூனைக்கும் சாப்பாட்டு மேசை அல்லவா? யாரும் கேட்கவில்லை. போதாக்குறைக்கு நான்கு கார் விடவும் இடம் வரும் என்றார் ஒருவர். அதற்கு மட்டும் பலத்த கைதட்டல்.

மரத்தை வெட்ட அனுமதி கேட்டு நகரசபைக்கு விண்ணப்பம் எழுதியது யார்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதீர்கள், சொல்கிறேன். நான்! சுண்டல் பெட்டியைத் தூக்கி வந்தது யார்? நான்! அது மட்டுமென்றால் அறியாமை என்று சொல்லித் தப்பிவிடலாம். இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது.

அன்று மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார் கிருபானந்தன். படகில் வந்தவர், விசா முடிவுக்காகக் காத்திருப்பவர், எங்கள் மண்டபத்தையும் அந்த மரத்தடியையும் நாள்தோறும் கூட்டுபவர். அவர் என்னிடம் ஓடி வந்தார்.

"அக்கா, அதுகள் விழேல்லை," என்றார். "தாய்..."

நான் முடிக்க விடவில்லை.

"தம்பி, நீங்கள் கதிரையை அடுக்குங்கோ," என்றேன்.

அந்த ஒரு வசனத்தால் மூன்று குஞ்சு செத்தது. பத்து மாதமாக எனக்கு அது நெஞ்சில் நிற்கிறது. ஏப்ரலில்தான், வெட்கத்தை விட்டு அவரிடம் போய், அன்று சொல்ல வந்தது என்ன என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "காப்பாத்த எல்லாரும் வந்தவை, அக்கா. கேக்கத்தான் ஒருத்தரும் வரேல்லை," என்றார். தாராவைத்தான் சொன்னாரா, தன்னையும் சேர்த்துச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இருக்கவில்லை.

அன்று தொடங்கித்தான் ஏழு மின்னஞ்சல். இதோ, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதம். தட்டச்சு செய்து கொண்டு வந்திருக்கிறேன். நாளை ஞாயிறு, மறுநாள் வாள் வருகிறது. வெட்ட வருகிறவர்களுக்கு இன்றே இதை அனுப்பியாக வேண்டும். தலைவரின் கையெழுத்து ஒன்றுதான் குறை. அங்கிள், இந்தச் சபையின் முன் கேட்கிறேன், போடுவீர்களா?

பார்க்கிங்குக்கு என்ன செய்வது என்று கேட்கிறார் விஜயா அன்ரி. பெண்டில் ஹில் ரயில் ஸ்ரேசனில் இறங்கி நடவுங்கள், அன்ரி! நான் நடக்கிறேன், இரத்தத்தில் சீனியும் குறைந்திருக்கிறது!

பொறுங்கள், தலைவர் ஏதோ கேட்கிறார். மைக்கை நீட்டுகிறேன். குஞ்சுகள் விழவில்லை என்பதற்கு என்ன உறுதி என்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் என்னிடம் கேட்காதீர்கள், அங்கிள். அதோ, சமையல் நடக்கும் குசினி வாசலில் துவாயோடு நிற்கிறார், அவரிடம் கேளுங்கள். இந்தச் சபை அவரிடம் ஒரு கேள்வியும் இதுவரை கேட்டதில்லை.

தலைவர் கேட்டுவிட்டார். சபை சற்று அமைதியாக இருக்கட்டும். கிருபானந்தன், அங்கேயிருந்தே சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கும்.

"ஐயா, தாய் முதல் கீழ இறங்கி நிண்டு கூப்பிடும். கூப்பிட்டாத்தான் குதிக்கும். அதுகளுக்கு மேல இருக்கப் பயம் இல்லை, தாயை விட்டு இருக்கத்தான் பயம்."

கேட்டீர்களா? நான் ஏழு மின்னஞ்சலில் சொல்ல முடியாததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். தலைவர் சட்டைப்பையைத் தடவுகிறார். பேனா இல்லை! இருநூறு பேர் கூடிய சபையில், பட்டம் பெற்றவர்கள் பாதிப்பேர் இருக்கும் சபையில், ஒரு பேனா இல்லையா? சிறிதரன் அண்ணையிடம் இருக்கிறதா? கொடுங்கள். நீங்கள் கேட்ட கறியை மறந்துவிடுகிறேன்.

கையெழுத்து விழுந்துவிட்டது! தட்டுங்கள், கார் பார்க்குக்குத் தட்டியதைவிடக் கொஞ்சம் பலமாகவே தட்டுங்கள்!

ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. செவி கொடுத்த சபைக்கும், செவி சாய்த்த தலைவருக்கும், பேனா கொடுத்த பெருந்தகைக்கும் என் நன்றி. செப்டெம்பரில் குஞ்சுகள் குதிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பாருங்கள், அது போதும். கடைசியாக ஒன்று. விழா முடிந்ததும் இந்த இருநூறு கதிரையையும் நாங்கள்தான் அடுக்குகிறோம், முதல் கதிரையை நான் எடுப்பேன். கிருபானந்தன், துவாயை வைத்துவிட்டு முன்வரிசைக்கு வந்து உட்காருங்கள். வணக்கம்.