நாலாம் மாடி வீடு பாக்க வந்த இடத்திலை

ஓம் தங்கச்சி, இந்தக் கட்டடம்தான், நாலாம் மாடி. ஆனா நீங்கள் போய்த் தள்ளினது முன்வாசல், அது எங்கடை ஆக்களுக்குத் திறக்காது. உந்தக் குப்பைத் தொட்டியளுக்குப் பக்கத்திலை ஒரு சாம்பல் கதவு தெரியுதெல்லே, அதுதான் அபோடபிள் எண்டு கவுன்சில் குறைஞ்ச வாடகைக்குக் குடுக்கிற வீட்டுக்காரருக்கு. இதிலை நில்லுங்கோ. வீடு காட்டுற ஆள் பத்தரைக்கு வாறன் எண்டவர், இன்னும் காணேல்லை. பிள்ளை நித்திரையோ? பிராம் வண்டியை இந்த நிழலுக்கு விடுங்கோ.

கவுன்சில் அனுப்பின கடிதத்திலை உங்களுக்கு எத்தினையாம் நம்பர் போட்டிருக்கு? ஒண்டோ? அப்ப நீங்கள்தான் முதல் பாக்கோணும். நீங்கள் ஓம் எண்டா வீடு உங்கடை, மற்ற நம்பர்க்காரர் திரும்பிப் போகவேண்டியதுதான். அவசரப்பட்டு மட்டும் ஓம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ, என்ன.

முன்பக்கம் இருக்கிறவை விலைக்கு வாங்கினவை. அவைக்கு வாசலிலை மேசை போட்டு ஒரு ஆள், பூச்சாடி, ஜிம், எல்லாம் இருக்கு. இந்தப் பக்கத்துக்கு ஒரேயொரு லிப்ட். அதுவும் கிழமையிலை ரெண்டு நாள் நிண்டிடும். நீங்கள் பிராமும் பிள்ளையும் சாமானுமா நாலு மாடி ஏறுறதை நினைச்சுப் பாருங்கோ.

பிளேனோ? ஹவுன்ஸ்லோ எல்லே, எயார்போட் பக்கத்திலை, வராமல் என்ன செய்யும். அந்தா ஒண்டு வருது, சில்லை இறக்கிப்போட்டான் பாருங்கோ. பொறுங்கோ, போகட்டும்... ம், இப்ப கதைக்கலாம். கொஞ்ச நாளிலை பழகீடும். சீ, எங்கை பழகிறது! ஒருநாளும் பழகாது.

மற்றது, சமையலறை யன்னலுக்கு நேரை பள்ளிக்கூடம். மணி அடிக்கிறதும் பெடியள் கத்துறதும், காது கிழியும். ஆனா அந்த யன்னலடியிலை நிண்டா, பிள்ளை கேற்றுக்குள்ளை போறது வடிவாத் தெரியும். ரோட்டைக் கடந்தாச் சரி, ரெண்டு நிமிசம், பஸ்ஸே தேவையில்லை. ஒரு தாய்க்கு இதை விட வேறை என்ன... சத்தத்தைத்தான் சொல்ல வந்தனான். சரியான சத்தம்.

அறை ரெண்டுதான், ரெண்டாவது சின்னன். ஒரு கட்டில் போட்டு, யன்னல் பக்கம் ஒரு மேசை போடலாம். நூற்றியிருபது சென்ரிமீற்றர் மேசை எண்டா அளவா நிக்கும், அதுக்கு மேலை கதவு இடிக்கும். ஆ, அது இன்ரநெற்றிலை வீட்டுப் பிளான் போட்டிருக்கினம், சும்மா பாத்தனான்.

எல்லாத்தையும் விடப் பெரிய கரைச்சல் பூஞ்சணம். சுவர் முழுக்கக் கறுப்பாப் பிடிச்சு...

ஏன் முகம் ஒரு மாதிரிப் போகுது? பிள்ளைக்கு மூச்சு இளைப்போ? ஐயோ, இந்தக் குஞ்சுக்குப் பம்ப் அடிக்கிறியளோ? இல்லை இல்லை, தங்கச்சி, நில்லுங்கோ, போகாதேங்கோ! பூஞ்சணம் இல்லை. கட்டி ரெண்டு வருசம் கூட ஆகேல்லை, எங்காலை பூஞ்சணம்? நான்தான் வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டன். லிப்டும் ஒரேயொருக்காத்தான் நிண்டதாம். பச்சைப் பிள்ளையை வைச்சுக்கொண்டு நிக்கிற உங்களிட்டை இப்பிடிப் பொய் சொன்னது எனக்கு வெக்கமாக் கிடக்கு.

நானோ? நான் இஞ்சை இருக்கிற ஆள் இல்லை. கவுன்சில் எங்களுக்கு அங்காலை ஸ்லவ் ரவுணிலை ஒரு அறை தந்தது, தற்காலிகம் எண்டு. ஆறு வருசமாத் தற்காலிகமா இருக்கிறம், ஹஹ். மகள் ஜதுர்ஷிகா இப்ப இயர் டென் படிக்கிறாள். உந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் ரெண்டு பஸ் எடுத்து வாறாள். என்ரை மனுசன் விடியப்புறம் எயார்போட்டிலை ஷிப்ட் தொடங்கிற ஆள், இரவு ஏழு மணிக்கே படுத்திடுவார். பிறகு அறையிலை லைட் போடேலாது. அவள் பாத்றூமுக்குள்ளை கொமட்டை மூடிப்போட்டு, அதிலை இருந்து படிப்பாள். கெட்டிக்காரி, கணக்கிலை எப்பவும் முதலாவது.

அந்தா, நீலக் கோட் போட்டுக்கொண்டு ஓடி வாறார், அவர்தான் வீடு காட்டுற ஆள். போங்கோ தங்கச்சி, வடிவாப் பாருங்கோ, பைப்பையும் திறந்து பாருங்கோ. பிடிச்சா எடுங்கோ, நான் ஒண்டும் நினைக்கமாட்டன். பிடிக்காட்டி மட்டும், வீட்டை போய் யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொல்லாமல், அந்த இடத்திலையே சொல்லிப்போடுங்கோ.

என்ரை கடிதத்திலை ரெண்டு எண்டு போட்டிருக்கு.