மேசையோடு பூட்டுகிற மெஷின்

— இதைப் பாருமன். வெறுந் தோட்டாவுக்கு மருந்து நிரப்புற மெஷின்தான், கையுக்குள்ளை அடங்குது. வேலை முடிஞ்சால் அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டலாம்.

— எனக்கு ஒளிச்சு வைக்கிற சாமான் வேண்டாம். அந்தா, அந்த இரும்பு. வீட்டுக்குக் கீழை, கெல்லர் அறை மேசையோடை போல்ட் போட்டு இறுக்கிறது.

— அதோ... ஆரும் வீட்டுக்கு வந்தால்?

— வந்தால் காட்டுவன். பிடியை ஒருக்கா இழுத்துப் பாருங்கோ.

— நான் ஏன் இழுக்க... கடைக்காரர் பாக்கிறார்.

— பாக்கட்டும். விக்கத்தானே வைச்சிருக்கிறார்.

— சரி, அப்ப இந்தச் சுத்துற மெஷின்? ஒரு இழுவைக்கு ஒரு தோட்டா விழுமாம். கெதியா முடிச்சுப்போட்டு...

— கெதி எனக்கெதுக்கு? ஒவ்வொண்டும் ஒரே மாதிரி வரவேணும். முந்நூறு மீற்றர் தள்ளி நிக்கிற அட்டையைச் சுடுறது நானோ நீங்களோ?

— நீர்தான். பீலெஃபெல்ட் நகரத்திலை சேலையோடை சுடுற ஒரே ஆள்.

— சேலையோடை ஒருநாளும் சுடேல்லை.

— கோயிலிலை அப்பிடித்தான் கதை. ஊன்ட்றொப் கோயில் தேரண்டு கல்யாணசுந்தரம் அண்ணை கேக்கிறார், உம்மடை மனிசி துவக்கு வைச்சிருக்கிறாவாமே எண்டு.

— நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

— ... தையல் கிளாசுக்குப் போறா எண்டன்.

— நல்ல வடிவு. இனி எல்லாரும் சட்டை தைக்கக் கொண்டுவரப் போகினம்.

— ஞானமலர், ஒரு ரெண்டு மாதம் பொறுமன். உம்மோடை கிளப்பிலை சுடுற டீக்மன் தன்ரை பழுதான மெஷினைத் திருத்தினாப் பிறகு, பழையபடி அவற்ரை கெல்லரிலையே போய் நிரப்பலாம். ரெண்டு வருசமா அப்பிடித்தானே செய்தனீர்?

— மாநிலப் போட்டிக்கு ஆறு கிழமைதான் கிடக்கு. என்ரை பழைய துவக்குக்குக் கடைத் தோட்டா ஒத்துவராது, சிதறும்.

— அடுத்த வருசம் சுடலாம்.

— அடுத்த வருசம் எனக்கு ஐம்பத்தெட்டு. இப்பவே கண் மங்குது. இந்த வருசம்தான் முதல் தடவையாத் தெரிவாகியிருக்கிறன். விடமாட்டன்.

— வீட்டுக்குள்ளை வெடிமருந்து...

— கொஞ்சம்தான். பூட்டின பெட்டியிலை. அந்ட்ராக் எண்டு விண்ணப்பம் போட்டு, கிளாசுக்குப் போய், சோதினை எழுதி எடுத்த அனுமதி. கூட எழுதின ரெண்டு ஜேர்மன்காரர் பெயில். நான் பாஸ்.

— அதைத்தான் எனக்கு நெடுகச் சொல்லுறீரே... பிறகு பரிசோதிக்க வருவாங்களெல்லோ?

— வரட்டும். போனமுறை துவக்கு அலுமாரியைப் பாக்க வந்த ஆளுக்கு நான் கோப்பி போட்டுக் குடுத்தனான். அப்ப என்ரை மனுசன், திருவாளர் சிற்றம்பலம், எங்கை நிண்டவர்?

— வயித்துக்குள்ளை ஒரு மாதிரி...

— குளியலறைக்குள்ளை. முக்கால் மணித்தியாலம். தண்ணியையும் திறந்துவிட்டுக்கொண்டு.

— அந்தாளின்ரை கையிலை ஃபைல் இருந்தது, மலர். ஃபைலைக் கண்டால் இப்பவும் எங்கையாவது போய்க் கதவைப் பூட்டச் சொல்லும். எங்கடை தமிழ்ப் பேர், துவக்கு, வெடிமருந்து... எல்லாம் ஒரே தாளிலை. அதை இவங்கள் எப்பிடி வாசிப்பாங்கள் எண்டு யோசிச்சனீரோ?

— எழுதியிருக்கிறபடி வாசிப்பாங்கள். ஒளிச்சால்தான் வேறை மாதிரி வாசிப்பாங்கள்.

— உமக்குப் பயமே இல்லையோ?

— இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலையிருந்து முப்பத்திமூண்டு வருசம் இருந்தது. பஸ்ஸிலை மெல்லமாக் கதை, அலுவலகத்திலை மெல்லமாக் கதை, சொந்த வீட்டுப் படியிலையும் மெல்லமா நட... எனக்கு இனி ஏலாது. நிலத்திலை படுத்து, மூச்சைப் பிடிச்சு, அட்டையைப் பாக்கிற அந்த நேரம் நான் ஒருத்தருக்கும் பயப்பிடுறேல்லை. அதை என்னட்டை இருந்து பறிக்காதையுங்கோ.

— நான் பறிக்கேல்லை...

— சரி.

— பறிக்கோணும் எண்டு செய்யேல்லை, மலர்...

— என்ன செய்யேல்லை? ஏன் கார்த் திறப்பைப் போட்டு இந்த உருட்டு உருட்டுறியள்?

— டீக்மனின்ரை மெஷின்... பழுதில்லை. நான்தான் போய், நீர் கேட்டால் பழுதெண்டு சொல்லச் சொன்னனான். நிரப்ப இடமில்லாட்டி விட்டிடுவீர் எண்டு நினைச்சன்.

— தெரியும். அவற்ரை மனிசி போன மாதமே சொல்லிப்போட்டா. உங்கடை வாயாலை எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அந்த இரும்பு மெஷினுக்குப் போன கிழமையே காசு கட்டியாச்சு. இண்டைக்கு நாங்கள் தெரிவுசெய்ய வரேல்லை, தூக்கிக்கொண்டு போக வந்தனாங்கள். மற்றப் பக்கம் பிடியுங்கோ.