மகள் வீட்டுத் தண்ணீரும் ஆயிரமாவது பகுதியும்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் கௌஷிக் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து இப்போதே கடிகாரம் பார்க்கும் பெரியவர்களே, தீஜ் பண்டிகைக்கு மருதாணி இட்டுக்கொண்டு, அது கலைந்துவிடும் என்று கைதட்ட மறுக்கும் தாய்மார்களே, வேப்பமரத்து ஊஞ்சலுக்கு முறை வைத்துச் சண்டையிடும் பெண்மக்களே, மீரட் நகரின் மழைக்கும் அஞ்சாமல் பந்தலுக்கு வெளியே நிற்கும் மருமகன்களே, உங்கள் அனைவருக்கும் ரகுபீர்சரணின் வணக்கம்.

"ஒரே முற்றம்" என்ற தொலைக்காட்சித் தொடர் ஆயிரமாவது பகுதியைத் தொட்டதற்கு இந்தப் பாராட்டு விழா. பாராட்டப் பதினோரு பேர். எதிர்த்துப் பேச நான் ஒருவன். என்னை ஏன் அழைத்தார்கள்? பாயசத்திலும் ஓர் ஏலக்காய்த் தோல் வேண்டும் என்றுதான்.

நான் படித்தவன் அல்லன். ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. மற்றதெல்லாம் என் மளிகைக் கடையில் பொட்டலம் கட்ட வந்த காகிதங்களில் படித்தவை. ஆகவே என் அறிவில் சில இடங்கள் கிழிந்திருக்கும். ஆனால் படித்த வரையில் பிசகாது.

என்ன தொடர் இது? அக்காளும் தங்கையும் ஒரே வீட்டுக்கு மருமகளாகப் போகிறார்கள். தூங்கும்போதும் தலையில் நெற்றிச்சுட்டி. அக்காள் ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது முகங்களைக் காட்டி ஒன்பது இடிச் சத்தம். அக்காள் செத்தாள், அழுதோம். வேறு முகத்தோடு திரும்பி வந்தாள், அதற்கும் அழுதோம். அந்த வீட்டில் அடுப்பு எரிந்து யாராவது பார்த்தீர்களா?

"இவ்வளவும் தெரியுதே, ஒரு நாள் விடாம பாக்குறீங்க போல பாபுஜி" என்கிறார் மூன்றாவது வரிசை அம்மையார். பார்க்கிறேன் தாயே. பார்க்காமல் எதிர்ப்பது கோழைத்தனம். மறு ஒளிபரப்பையும் பார்த்தே எதிர்க்கிறேன்.

இத்தனையையும் பொறுத்தேன். பொறுக்க முடியாதது ஒன்று. அந்தப் பெண்களின் தகப்பன். மகள்களின் புகுந்த வீட்டுக்கு வருகிறான். நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்கிறான். பூரி தின்கிறான். தின்றுவிட்டு, "இன்னொரு கோப்பை தேநீர் கொடும்மா" என்று கேட்கிறான். கன்னிகாதானம் செய்து கொடுத்த வீட்டில் தகப்பன் கை நனைக்கலாமா? என் தகப்பனார் என் தங்கையின் ஊர்க் கிணற்றில்கூடத் தண்ணீர் குடித்ததில்லை. நான் நவீனன். தெருக்குழாயை அனுமதித்திருக்கிறேன்.

ஒரு நிமிடம், தொண்டை காய்கிறது. நல்ல தண்ணீர். மண்பானைக் குளிர்ச்சி. வைத்தவர்கள் வாழ்க.

எங்கே விட்டேன்? என் மகள்கள் மாலதியும் சுலேகாவும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் இருக்கிறார்கள். எந்த வீடு? இதோ, நாம் கூடியிருக்கும் இந்தப் பூங்காவுக்கு எதிரே, நீலக் கதவு. தொடர் எழுதியவர் என் வீட்டுக் கதையைத் திருடிவிட்டார், இடியை மட்டும் அவர் சேர்த்துக்கொண்டார் என்பது என் நெடுநாள் குற்றச்சாட்டு.

அந்த வீட்டுக்கு வாரம் ஒருமுறை போவேன். கையில் என் வீட்டுத் தண்ணீர்ப் புட்டி. கடந்த ஹோலிக்கும் போனேன். தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தகப்பன் தேநீரை உறிஞ்சுகிறான். சுலேகா கேட்டாள்:

"பாத்தீங்களாப்பா? அவரும் அப்பாதானே?"

"அவன் கூலிக்கு நடிக்கிறவன்மா."

"அந்தப் பொண்ணும் கூலிக்குத்தான் மகளா நடிக்குது. அதுக்குக் கிடைக்கிறது எனக்குக் கிடைக்கலையே."

பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், விக்கல் வந்துவிட்டது. புட்டியைக் கவிழ்த்தால் காலி. மாலதி சொம்போடு ஓடி வந்தாள். "குடிச்சிட்டு அப்புறம் சண்டை போடுங்கப்பா" என்றாள். நான் எழுந்தேன். விக்கியபடியே தெருவைக் கடந்து இந்தப் பூங்காக் குழாயில் வாய் வைத்தேன். உடம்பெல்லாம் ஹோலி வண்ணம், விக்கல் வேறு. நீங்களெல்லாம் மாடியிலிருந்து பார்த்தீர்கள். சிரிக்காதீர்கள், அன்றே போதிய அளவு சிரித்துவிட்டீர்கள்.

திரும்பினால் சுலேகா நீலக் கதவில் நிற்கிறாள்.

"மாடு வாய் வெக்கிற குழாய் ஒசத்தி, நான் குடுக்கிற தண்ணி ஆகாது. அப்படித்தானே? அப்ப இந்த வாசலும் ஆகாதுன்னே வெச்சுக்குங்க."

கதவு சாத்தப்பட்டது. ஒன்பது முகங்கள் காட்டப்படவில்லை. இடி இல்லை. கதவுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அன்றிலிருந்து போகவில்லை. தீஜ் வந்தது. பிறந்த வீட்டுச் சீர் போக வேண்டாமா? வளையல், புடவை, பாகு சொட்டும் கேவர் மிட்டாய் எல்லாம் அனுப்பினேன். அப்படியே திரும்பி வந்தது. கூடவே ஒரு சொல்லும் வந்தது: "நாங்க குடுக்கிறத வாங்காதவங்க குடுக்கிறத நாங்களும் வாங்கறதில்ல." பிரமாதமான வாதம். யார் வளர்த்த பெண்? அந்தக் கேவரை நான் ஒருவனாகத் தின்றேன். இனிக்கவில்லை. மிட்டாய்க்காரனிடம் சண்டைக்குப் போனேன். அவன் மிச்சமிருந்த துண்டை ருசி பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு லாலாஜி" என்றான்.

கேட்கிறேன், சபையோரே, கேட்கிறேன்: முறை பெரிதா, மகள் பெரிதா? முறைதான் பெரிது. இறங்கி வர மாட்டேன். இமயம் இறங்கினால் யோசிக்கிறேன்.

மணி என்ன ஆயிற்று? கண்ணாடியைப் போட்டுப் பார்க்கிறேன்.

இதென்ன, இந்தக் குவளையில் எழுத்து வெட்டியிருக்கிறது. "சௌபாக்கியவதி சுலேகாவுக்கு, அப்பா."

இது என் வாசகம். கல்யாணப் பாத்திரங்களுக்கு நான் நின்று வெட்டச் சொன்ன வாசகம். மேடைக்கு யார் கொண்டுவந்து வைத்தது? மாலதி, ஆகாயத்தைப் பார்க்காதே. அங்கே மழை தவிர ஒன்றும் இல்லை.

அமைதி, அமைதி. தாய்மார்களே, மருதாணி கலையும் என்று சொன்னீர்களே, இப்போது எப்படித் தட்டுகிறீர்கள்?

நான் தோற்றேன் என்று நினைக்க வேண்டாம். முறை என்ன சொல்கிறது? மகளின் வாசலுக்குள் கை நனைக்கக் கூடாது. இது மேடை. பொதுத் தண்ணீர். குவளையோ நான் வாங்கியது. வழக்கு என் பக்கம்.

அதோ, நீலக் கதவு திறந்திருக்கிறது. சுலேகா கையில் மண்குடத்தோடு நிற்கிறாள். பந்தலுக்குள் வர மாட்டாள். ஓரடி எடுத்து வைக்க மாட்டாள். என் மகள் அல்லவா?

தலைவர் அவர்களே, எனக்கு இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது. வேண்டாம். பிறர் வீட்டுப் பாத்திரத்தைக் கையில் வைத்திருப்பது முறையல்ல. முறையில் நான் எவ்வளவு கறார் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே இதை அந்த வாசலில் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். போன இடத்தில் யாராவது இதில் தேநீர் ஊற்றினால், அதைப் பற்றி எந்த மேடையிலும் பேச மாட்டேன். நீங்களும் மாடியில் நின்று பார்க்கக் கூடாது.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், பொறுமையில்லாமல் கேட்ட மற்றவர்களுக்கும் நன்றி. வணக்கம். கொஞ்சம் வழி விடுங்கள், குவளை கீழே விழுந்துவிடப் போகிறது.