சிவப்பு டீமுக்குச் சொன்ன வாழ்த்து

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஔந்திலிருந்து மகர்பட்டா போகும் பஸ்ஸில், என் பின் சீட்டில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் இருவர் தமிழில் சண்டை போட்டார்கள்.

“சிவப்பு டீம் ஜெயிச்சதுக்கு என் அமெரிக்கா சான்ஸ் ஏன்டா போகணும்?” என்றான் கண்ணாடி போட்டவன். “கிளையன்ட்கிட்ட முதல்ல ஃபுட்பால் பேசுன்னு மேனேஜர்தானே சொன்னாரு?”

“பேசச் சொன்னாரு. சிவப்புக்கு வாழ்த்து சொல்லச் சொன்னாரா? இந்தக் கிளையன்ட் பரம்பரையா பச்சை டீம்டா. சிவப்புகிட்ட தோத்ததே அதுதான். ரெண்டுக்கும் ஆகவே ஆகாது.”

“பழைய ப்ராஜெக்ட்ல எல்லாரும் சிவப்பு ஆளுங்க. அந்தப் பழக்கத்துல வந்துருச்சு. நீ பக்கத்துலதானேடா இருந்த! காலைத் தட்டியிருக்கலாம்ல?”

மற்றவன் போனை எடுத்து நோண்டினான்.

“இந்த ஆளை அனுப்பாதீங்கன்னுட்டான் அந்தக் கிளையன்ட். சரி, எனக்குப் பதிலா யாரு போறா?”

“மேனேஜர் என்னைக் கேட்டாரு. சரின்னுட்டேன்.”

“த்தூ!” என்று எழுந்த கண்ணாடிக்காரன், மகர்பட்டா வருவதற்கு முன்பே இறங்கிவிட்டான்.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டமாம். தோற்றது பச்சைதானா, நான் நிறத்தை மாற்றி எழுதிவிட்டேனா என்று, விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள்.